எழுதியவரே திருடனாகும் விந்தை: எல்லாரும் எழுதும் அறிவுத்தளங்களில் நகலும் விளம்பரக் குப்பையும்

கேள்வி (தேவகோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): "அண்ணே, ஆத்தங்குடி டைல்ஸ் செய்வதை நேரில் போய்ப் பார்த்து, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஒரு தளத்தில் கட்டுரை போட்டேன். கொஞ்ச நாளில் அது நாலைந்து இணையதளங்களில் வேறு வேறு பெயரில் வந்துவிட்டது. அதில் ஒன்று, டைல்ஸைச் சூளையில் சுடுகிறார்கள் என்று வேறு சேர்த்திருக்கிறது. கொடுமை என்னவென்றால், கடைசியில் என் கட்டுரையைத்தான் நகல் என்று நீக்கிவிட்டார்கள். இது எப்படி நடக்கிறது? இந்தத் தளங்களில் ஏன் இவ்வளவு குப்பை சேருகிறது? நான் இனி என்ன செய்வது?"

தம்பி,

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. அதை முடித்துவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நகலைப் பிடிக்கும் கருவிக்கு யார் முன்னால் எழுதினார், யார் பின்னால் எழுதினார் என்பது தெரியாது. இரண்டு பக்கங்களில் ஒரே சொற்கள் ஒரே வரிசையில் வருகின்றன என்று மட்டும்தான் அது சொல்லும். உங்கள் கட்டுரையை எடுத்துப் போட்டவர்கள் நாள் முழுக்கப் பக்கம் ஏற்றிக்கொண்டே இருப்பவர்கள். அதனால் தேடுபொறி அங்கே அடிக்கடி எட்டிப் பார்க்கும். உங்கள் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் பக்கத்தைப் பதிந்துகொண்டுவிட்டால், அவர்களுடையதுதான் மூலம் போலத் தோன்றும். சோதிக்க வந்த தன்னார்வலர் உங்கள் வாக்கியம் ஒன்றை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடியிருப்பார், நாலு பக்கம் வந்து நின்றிருக்கும், நீக்கிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போயிருப்பார். அவரைத் திட்ட வேண்டாம். சம்பளமில்லாமல் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்கிறவர் அவர்.

விக்கிப்பீடியாவைப்போல விக்கி மென்பொருளில் இயங்கும் தளமென்றால், நீக்கிய பக்கம் உண்மையில் அழிவதில்லை. நிர்வாகிகளுக்கு அது தெரியும், மீட்கவும் முடியும். ஒவ்வொரு சேமிப்பும் நாள், நேரத்தோடு பதிவாகியிருக்கும். நீக்கியவருடைய பேச்சுப் பக்கத்தில் (அவரோடு உரையாடுவதற்கென்றே உள்ள பக்கம்), உங்கள் முதல் சேமிப்பின் நேரத்தையும் அந்த நகல் பக்கம் வெளியான தேதியையும் அருகருகே வைத்து இரண்டே வரி எழுதுங்கள். கோபம் வேண்டாம், விளக்கவுரை வேண்டாம். பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். முதலில் உங்கள் சொந்த வலைப்பூவில் போட்டுவிட்டுப் பிறகு இங்கே போட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் சுற்றுவழி: அந்த வலைப்பூவிலேயே "இந்தக் கட்டுரையை இன்ன உரிமத்தில் வெளியிடுகிறேன்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், அல்லது விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவில் அனுமதிகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.

இனி குப்பைக்கு வருவோம். கெட்டவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள் என்பதல்ல காரணம். குப்பை போட்டால் ஏதோ ஒன்று கிடைக்கிறது, அதனால் போடுகிறார்கள்.

1998-இல் கூகுள் வந்தபோது அதன் கணக்கே இதுதான்: ஒரு பக்கத்துக்கு வெளியிலிருந்து எத்தனை இணைப்புகள் வருகின்றன, எப்பேர்ப்பட்ட இடத்திலிருந்து வருகின்றன என்று பார்த்து அதற்கு மதிப்புப் போடுவது. உடனே எல்லாருக்கும் இணைப்பு தேவைப்பட்டது. நல்ல பெயருள்ள தளத்திலிருந்து ஒரு இணைப்பு கிடைத்தால் அது காசு. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் தளங்கள்தானே அதற்கு எளிதான இடம்? அங்கே வந்து குவிந்தார்கள். 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து, "இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்காதே" என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஒரு குறியீட்டைக் கொண்டுவந்தன. நோஃபாலோ என்பார்கள். ஆங்கில விக்கிப்பீடியா 2007 ஜனவரியில் எல்லா வெளி இணைப்புகளுக்கும் அதைப் போட்டது. அதோடு விளம்பரக்காரர்கள் ஓய்ந்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். ஓயவில்லை. தேடுபொறி மதிக்காவிட்டால் என்ன, படிக்கிற மனிதர் அழுத்துவாரே.

நம்ம செட்டிநாட்டுப் பகுதியில் இது இன்னும் நேரடியானது. இணைப்புகூட வேண்டியதில்லை, கைபேசி எண் போதும். காரைக்குடி பற்றிய ஏதாவது ஒரு பக்கத்தைக் கொஞ்ச நாள் கவனித்துப் பாருங்கள். பழைய தேக்குத் தூண் விற்பனைக்கு, பாரம்பரிய வீட்டில் தங்கும் அறை, வீட்டு முறையில் அரைத்த மசாலாப் பொடி, பலகாரம் ஆர்டருக்கு அழைக்கவும். ஒரு டைல்ஸ் பக்கத்தில் நான் பார்த்தது: ஒரு கடைக்காரர் தன் எண்ணைச் சேர்ப்பார். மறுநாள் இன்னொரு கடைக்காரர் வந்து அதை அழித்துவிட்டுத் தன் எண்ணைப் போடுவார். இப்படி ஒருவர் மற்றவருடையதை அழிக்கும்போது, திருத்தக் குறிப்பில் "விளம்பரம் நீக்கம்" என்று முறையாக எழுதிவிட்டுப் போவார்! இவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவருக்கு, வாசலில் பலகை வைப்பதற்கும் அறிவுத்தளத்தில் எண் போடுவதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சொன்னால் கேட்டுக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

காசுக்காகவே நகலெடுப்பவர்கள் வேறு ரகம். இதற்கு நல்ல உதாரணம் கூகுளே நடத்திய நோல் என்ற தளம். 2008 ஜூலையில் திறந்தார்கள். விக்கிப்பீடியாவுக்கு மாற்று என்று பலரும் பேசினார்கள். எழுதுகிறவர் சொந்தப் பெயரில் எழுதுவார், கட்டுரை அவருடையது, ஒரே தலைப்பில் பத்துப் பேர் பத்துக் கட்டுரை எழுதலாம், விரும்பினால் பக்கத்தில் விளம்பரம் போட்டு வருமானத்தில் பங்கும் வாங்கலாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அடுத்தவர் கட்டுரையில் கை வைக்க யாருக்கும் அக்கறையில்லை. அது அவர் சொத்து, நமக்கென்ன. ஆக, விக்கிப்பீடியாவிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியதும், மருந்து விற்பனையும், ஆள்பிடிப்பும் வந்து சேர்ந்தன. துடைக்க ஆளில்லை. 2012 மே மாதம் மூடிவிட்டார்கள். காசு கொடுத்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஆள் வைக்காமல் விட்டதுதான் தவறு.

கேள்வி பதில் தளமான கோராவும் 2018-இல் கேள்வி கேட்பவர்களுக்குக் காசு கொடுக்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கேள்விக்குக் காசு என்றால் என்ன நடக்கும்? ஒரே கேள்வியைச் சொல் மாற்றிச் சொல் மாற்றிக் கேட்பார்கள். நடந்தது. அதே வகைத் தளமாக 2005-இல் தொடங்கிய யாகூ ஆன்சர்ஸ் 2021 மே மாதம் மூடப்பட்டது. இடையில் 2011 பிப்ரவரியில் கூகுள் தன் வரிசைப்படுத்தும் முறையை மாற்றி (பாண்டா என்று பெயர்), அள்ளித் தெளித்த கட்டுரைகளால் பிழைத்த தளங்களைக் கீழே தள்ளியது. அப்போது அடிவாங்கியதில் நல்ல தளங்களும் உண்டு, அது தனிக்கதை.

இதெல்லாம் இணையத்துக்குப் பொதுவானது. நம் ஊர் விஷயத்தில் எனக்கு அதிகம் தலைவலி கொடுப்பது திருட்டு நகலல்ல, பக்தி நகல்.

நகரத்தார் கோயில் ஒன்பது இருக்கிறதா, இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒவ்வொன்றுக்கும் தலவரலாற்றுச் சிறுநூல் உண்டு. கும்பாபிஷேகம் நடந்தால் மலர் போடுவார்கள், கனமான தாளில், வண்ணப் படத்தோடு, அறிஞர்களிடம் கட்டுரை வாங்கி. இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் ஒரு விரலால் தட்டித் தட்டி முழுக் கட்டுரையையும் ஏற்றுகிறார். ஒரு எழுத்து விடாமல். "அடியேன்" என்று மூலக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் அந்த "அடியேன்" உட்பட. அவருக்கு இதில் காசு கிடையாது, பெயர்கூட வேண்டாம் என்பார். அதை நீக்கினால் போனில் கூப்பிட்டுக் கேட்கிறார்: "ஏம்பா, சாமி வரலாறு யாருக்குச் சொந்தம்?"

நியாயமான கேள்வி. வரலாறு யாருக்கும் சொந்தமில்லைதான் ஐயா, அதை இந்த வாக்கியங்களில் எழுதியவருக்கு அந்த வாக்கியங்கள் சொந்தம் என்று சொன்னேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, எழுதியவர் காலமாகி 60 ஆண்டு வரை அந்த எழுத்து அவர் வாரிசுகளுடையது. எங்கும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை, எழுதினாலே உரிமை வந்துவிடும். செய்தி, நாள், முறை, கணக்கு இவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆகவே, மலரைப் படியுங்கள், மூடி வையுங்கள், உங்களுக்குத் தெரிந்தவருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள், கடைசியில் எந்த ஆண்டு மலர், எந்தக் கட்டுரை, யார் எழுதியது, எத்தனையாம் பக்கம் என்று போட்டுவிடுங்கள். அவ்வளவுதான். அந்தப் பெரியவர் கொஞ்ச நாள் பேசவில்லை, பிறகு அப்படியே எழுதத் தொடங்கினார். இப்போது அவர் எழுதுவது மலரைவிடத் தெளிவாக இருக்கிறது. மலரில் இல்லாத, அவருக்கு மட்டுமே தெரிந்த செய்திகளும் உள்ளே வந்து விழுகின்றன. அதற்குச் சான்று கேட்டு நான் மறுபடியும் போன் செய்ய வேண்டியிருக்கிறது என்பது வேறு.

நகலெடுத்தால் என்ன, செய்தி நாலு இடத்தில் பரவட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. பரவினால் நல்லதுதான், எங்கிருந்து வந்தது என்ற தடயத்தோடு பரவினால். நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த காலத்தில், அங்கிருந்த ஏஜென்ட்டுகள் கணக்கை நகலெடுத்து ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நகலெடுப்பதுதான் தொழிலே. ஆனால் பேரேட்டில் ஒரு தொகை இருந்தால் அது எந்த நாளில், யார் பற்றில், எந்தக் குறிப்பேட்டிலிருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார்க்கலாம். இணைய நகலில் அறுத்துப் போடுவது அந்தத் தொடர்பைத்தான்.

அது அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டுக் கதை ஒன்று. தென்னமெரிக்காவில் கோவாட்டி என்று ஒரு விலங்கு, கீரிப்பிள்ளை மாதிரி நீளமான மூக்கு. 2008-இல் ஒரு அமெரிக்க மாணவர் விளையாட்டாக, அதற்குப் "பிரேசில் ஆர்ட்வார்க்" என்றும் பெயர் உண்டு என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு வரி சேர்த்தார். அப்படி ஒரு பெயரே கிடையாது. சில ஆண்டுகளில் அந்தப் பெயர் செய்தித்தாள்களில் வந்தது. செய்தித்தாளில் வந்துவிட்டதே என்று அதையே அந்த வரிக்குச் சான்றாகவும் வைத்துவிட்டார்கள். பொய்யும் சான்றும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. 2014-இல்தான் இது வெளியே வந்தது.

ஆங்கிலத்திலாவது ஒரு தலைப்பைப் பற்றி ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், என்றாவது ஒருவர் கேட்பார். செட்டிநாட்டைப் பற்றித் தமிழில் இணையத்தில் நேரில் பார்த்து எழுதியது கொஞ்சம், அதன் நகல்கள் ஏராளம். ஒருவர் தவறாக எழுதியது பத்து இடத்தில் இருந்தால், பதினோராவது ஆள் பத்துச் சான்று இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார். செட்டிநாட்டு ஊர்கள் எத்தனை என்று தேடுங்கள். 96 என்று ஒரு பக்கம் சொல்லும், எழுபத்துச் சொச்சம் என்று இன்னொரு பக்கம் சொல்லும். பழைய கணக்கு ஒன்று, இப்போதுள்ளது ஒன்று. எந்தக் காலத்துக் கணக்கு, யார் எண்ணியது என்பதை மட்டும் எல்லாப் பக்கமும் விட்டுவிட்டிருக்கும். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆயிரம் என்பது எண்ணிச் சொன்னதா, நிறைய என்பதற்காகச் சொன்னதா என்று கேட்டு எழுதிய பக்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

உங்கள் சூளைக்கு வருகிறேன். நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள்: கண்ணாடிப் பலகைமேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு, அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமென்ட்டோடு கரைத்த வண்ணத்தைக் கரண்டியால் ஊற்றுவது, அச்சைத் தூக்கிவிட்டுக் காய்ந்த சிமென்ட்டும் மணலும் தூவுவது, மேலே கலவையை வைத்துச் சமன்படுத்துவது, காயவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு எடுப்பது. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு வருகிறது. நெருப்புக்கு அங்கே வேலையே இல்லை. பிறகு சூளை எங்கிருந்து வந்தது? என் கணிப்பு இது: உங்கள் தமிழை இயந்திரத்தில் போட்டு ஆங்கிலமாக்கி, அதை மறுபடியும் தமிழாக்கியிருக்கிறார்கள். நகல் பிடிக்கும் கருவியிலிருந்து தப்பிக்க இது இப்போது வழக்கமான வழி. திரும்பி வரும்போது டைல்ஸ் "ஓடு" ஆகிவிடும். ஓடு என்று ஆனபிறகு, அதைச் சூளையில் சுடாமல் எப்படி என்று ஒரு வரியை யாரோ, அல்லது எதுவோ, சேர்த்துவிட்டிருக்கும். அந்தப் பக்கத்தில் "ஆத்தங்குடி ஓடுகள்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் ஓடு வீட்டின் மேலே இருக்கும், ஆத்தங்குடிக் கல் காலடியில் இருக்கும். இந்த ஊரைச் சேர்ந்த யாரும் அப்படி எழுத மாட்டார்கள். மசாலாவில் சேர்க்கும் கல்பாசி "கருங்கல் பூ" ஆவதும் ஓலையில் பின்னும் கொட்டான் வெறும் "கூடை" ஆவதும் இப்படித்தான். சமையல் குறிப்பில் கருங்கல் பூ ஒரு தேக்கரண்டி என்று பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள்.

தமிழில் நகலைப் பிடிப்பது இயல்பாகவே கடினம், இது பலருக்குத் தெரிவதில்லை. கருவிகளின் அடிப்படை 1997-இல் ஆண்ட்ரே பிரோடர் என்பவர் வகுத்த முறை. அடுத்தடுத்த சில சொற்களைக் கொத்துக் கொத்தாக எடுத்து, ஒவ்வொரு கொத்தையும் ஒரு எண்ணாக்கி, இரண்டு பக்கங்களில் எத்தனை எண்கள் பொதுவாக இருக்கின்றன என்று பார்ப்பது. ஆங்கிலத்துக்கு அருமையாக வேலை செய்யும். தமிழிலோ ஒவ்வொரு சொல்லின் வாலிலும் உருபு ஒட்டிக்கொண்டிருக்கிறது. "கல்லை ஊறப்போடுவார்கள்" என்பதைக் "கற்களை ஊறப்போடுகின்றனர்" என்று மாற்றினால் மனிதருக்கு அதே வாக்கியம், கருவிக்குக் கொத்தே மாறிவிட்டது. சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதிலும் ஆளுக்கொரு வழக்கம்.

அதற்கும் கீழே எழுத்துருச் சிக்கல். ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் பொதுவான எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாக உள்ளிடலாம். ஒகரக் குறியாக ஒரே குறியீடு, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. முன்கூட்டியே சீராக்கிக்கொள்ளாத கருவி இரண்டையும் வெவ்வேறு சொல் என்று எண்ணிவிடும். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் "ள" எழுத்தும் போட்டுத் தட்டுகிறவர்கள் பாதிப் பேர், அதைச் சீராக்கவும் முடியாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. ஸ்ரீக்கும் இரண்டு குறியீட்டு வரிசை உண்டு, தலவரலாற்றுக் கட்டுரையில் ஸ்ரீக்குப் பஞ்சமா? யூனிகோடுக்கு முந்தைய பாமினி, டாப், டிஸ்கி போன்ற எழுத்து முறைகளின் காலத்தில் தட்டியவற்றை யூனிகோடு தேடலில் பிடிக்கவே முடியாது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல்தான். அதற்கு முந்தைய சிறுபத்திரிகை, ஊர்ச்சங்க மலர் எல்லாம் பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. அங்கிருந்து எடுத்து மாற்றி ஒட்டினால் எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது.

ஆகவே தமிழில் நகலைப் பிடிப்பது இன்னும் மனிதக் கண்தான். நான் பார்ப்பது நடையை. ஒரு பத்தி பேச்சு வழக்கில் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று அடுத்த பத்தி "ஈண்டு நோக்கற்பாலது" என்று பேசும். அங்கே ஒட்டு இருக்கிறது. "மேலே கண்ட படத்தில்" என்று வரும், மேலே படம் இருக்காது. "சென்ற இதழில் குறிப்பிட்டபடி" என்று வரும். முன்பின் ஒரு திருத்தமும் செய்யாத புதுக் கணக்கிலிருந்து, பிழையே இல்லாத மூவாயிரம் சொல் ஒரே சேமிப்பில் வந்து இறங்கும். பிழையில்லாத தமிழைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டியிருப்பது வருத்தம்தான், என்ன செய்ய.

மொத்தமாக வந்து இறங்கிய அனுபவம் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு முன்பே உண்டு. 2009 முதல் 2011 வரை கூகுள், கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளை இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் ஏற்றியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன, தமிழ் தடுமாறியது, இல்லாத பக்கங்களுக்குப் போகும் சிவப்பு இணைப்புகள் தோரணம் கட்டின. தமிழ் விக்கிப்பீடியர்கள் தரத்தைக் கேள்வி கேட்டு, பேசி, 2010-இல் போலந்தில் நடந்த, விக்கிப்பீடியர்கள் கூடும் விக்கிமேனியா மாநாட்டில் எடுத்தும் வைத்தார்கள். வங்காள விக்கிப்பீடியர்கள் அந்தக் கட்டுரைகளை ஏற்கவே மறுத்துவிட்டார்கள். அன்று குறைந்தபட்சம் பேசுவதற்கு எதிரில் ஒரு நிறுவனம் இருந்தது.

இன்று யாரிடம் பேசுவது? 2022 நவம்பரில், கேட்டதை எழுதித் தரும் இயந்திரமான சாட்ஜிபிடி வந்தது. ஒரே வாரத்தில், டிசம்பர் தொடக்கத்தில், நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதன் விடைகளை ஒட்டுவதைத் தடை செய்தது. விடைகள் பார்க்கச் சரியாகத் தோன்றுகின்றன, பெரும்பாலும் தவறாக இருக்கின்றன, எழுதுவது எளிது, சரிபார்ப்பது கடினம் என்பதே அவர்கள் சொன்ன காரணம். 2024 மார்ச்சில் கூகுளும் தன் விதியை மாற்றியது. இயந்திரம் எழுதியதா மனிதர் எழுதியதா என்பதை விட்டுவிட்டு, யாருக்கும் பயன்படாத பக்கங்களைத் தேடலுக்காகவே குவிப்பதைக் குப்பை என்று வரையறுத்தது. சரியான பார்வை என்றுதான் நினைக்கிறேன். செட்டிநாட்டைப் பற்றி இப்போது வரும் பல கட்டுரைகள் நகலே அல்ல, எந்தக் கருவியில் போட்டாலும் சுத்தமாக வரும். ஆனால் அதில் ஒரு தெருப்பெயர் இருக்காது, ஆண்டு இருக்காது, "பாரம்பரியத்தின் மணம் கமழும்" என்று ஆரம்பித்துப் "பண்பாட்டின் பெட்டகம்" என்று முடியும். கானாடுகாத்தானுக்கு எழுதியதைப் பெயர் மாற்றினால் கும்பகோணத்துக்கும் பொருந்தும்.

நீங்கள் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். இதில் ஒன்று உங்களுக்குப் பிடிக்காது. விக்கிப்பீடியா போன்ற தளத்தில் சேமிக்கும்போதே, உங்கள் எழுத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்துவிட்டீர்கள் (2023 ஜூனிலிருந்து அதன் 4.0 பதிப்பு). அதன்படி யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். நிபந்தனை இரண்டே: மூலத்தைக் குறிப்பிட வேண்டும், தங்கள் பதிப்பையும் அதே உரிமத்தில் விட வேண்டும். ஆக "என்னைக் கேட்காமல் எடுத்தாய்" என்று சண்டை போட முடியாது. "எங்கிருந்து எடுத்தாய் என்று ஏன் போடவில்லை" என்றுதான் கேட்கலாம். போடாவிட்டால் உரிமம் ரத்தாகிவிடும், மீறலைத் தெரிந்துகொண்ட 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் தானாகவே உயிர்பெறும். எனவே முதல் கடிதம் பணிவாகவே இருக்கட்டும்: இன்ன பக்கம், இன்ன உரிமம், மூலத்துக்கு ஒரு இணைப்பைச் சேர்த்துவிடுங்கள். சிலர் சேர்த்துவிடுகிறார்கள், நம்ப மாட்டீர்கள்.

வேறு தளங்களில் உரிமம் வேறாக இருக்கலாம், அவர்களுடைய நிபந்தனைப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பேசுங்கள். உரிமை உங்களிடமே இருக்கிறதென்றால் இந்தியச் சட்டத்தில் இன்னொரு வழியுண்டு. 2012 திருத்தமும் 2013 விதிகளும் சொல்வது: உரிமையாளர் எழுத்துமூலம் புகார் கொடுத்தால், இடையில் இருக்கும் இணைய நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பக்கத்துக்கான வழியை அடைக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடியும் திறந்துகொள்ளலாம். ஒரு டைல்ஸ் கட்டுரைக்காக நீதிமன்றம் போகச் சொல்ல மாட்டேன். தளம் அமெரிக்காவில் இருந்தால் அந்த நாட்டின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ பதிப்புரிமைச் சட்டப்படி புகார் அனுப்பலாம், அவர்கள் பெரும்பாலும் தாமதிக்காமல் நீக்குவார்கள். எதற்கும் மசியாத தளமென்றால் அதை விட்டுவிட்டுக் கூகுளின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். பக்கம் அங்கேயே இருக்கும், தேடலில் வராது. தேடலில் வராத பக்கத்தால் அவருக்கு வருமானமில்லை, இரண்டாவது முறை உங்களிடம் வர மாட்டார்.

அடுத்த கட்டுரைக்கு: வெளியிட்ட அன்றே, இணையப் பக்கங்களைத் தேதியோடு படியெடுத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்துவிடுங்கள். இலவசம், ஒரு நிமிட வேலை, தேதியோடு மூன்றாம் ஆளின் சாட்சி கிடைத்துவிடும். நீங்கள் எடுத்த படங்களை முழு அளவில் உங்களிடமே வைத்துக்கொண்டு, சிறிய அளவை மட்டும் ஏற்றுங்கள், மூலப்படம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு அதுவே பதில். படத்தில் தொழிலாளியின் முகம் தெரிந்தால் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சான்றுக்கு இணையத்தை மட்டும் நம்ப வேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்களும் இதழ்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. நம் பகுதியைப் பற்றிய பழைய அச்சு எழுத்துக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் பழைய நூல்கள் தட்டச்சு செய்யப்பட்டே கிடைக்கின்றன.

சூளை வரியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பக்கம் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடியது என்றால் இன்றைக்கே போய் நீக்கிவிட்டு, பேச்சுப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். திருத்த முடியாத தளமென்றால், மீட்கப்பட்ட உங்கள் கட்டுரையிலேயே "இது சுடப்படுவதில்லை" என்று ஒரு வாக்கியத்தைச் சான்றோடு சேர்த்துவிடுங்கள். கூகுள் புகார்ப் படிவத்தை நிரப்பினால், அதில் ஒவ்வொரு நகல் பக்கத்தின் முகவரியையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும், தளத்தின் பெயரை மட்டும் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பேச்சுப் பக்கத்தில் எழுதிவிட்டு எனக்கும் சொல்லுங்கள், நானும் போய் ஒரு வரி போடுகிறேன்.